ஜன்னல் வழியாக வரக்கூடாது

காலை ஆறு மணிக்கு முன் நான் கதவைத் தட்டக்கூடாது.
இரவு ஒன்பதுக்குப் பின்னும் கூடாது.
வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்,
ஜன்னல் வழியாக வரக்கூடாது என்று
சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.
எனக்கு முன்னால் எவனோ
ஏறிக் குதித்திருக்கிறான்.

கிரிம்ஸ்பியில், துறைமுகத்தை ஒட்டிய
செங்கல் தெருக்களில்
பதினோரு வருடமாக ஜப்தி வேலை.
படுத்திருக்கும் கட்டிலைத் தொடக்கூடாது.
அடுப்பை, குளிர்பெட்டியை,
உள்ளே துணி சுழலும் இயந்திரத்தைத் தொடக்கூடாது.
வளர்ப்புப் பிராணிகளையும்.
(ஒரு கிளி என்னைப் பார்த்துக்
கெட்ட வார்த்தை சொன்னது.
அந்த வீட்டில் விலைபோகக்கூடியது
அது ஒன்றுதான்.)
தொழில் கருவிகள்,
ஆயிரத்து முந்நூற்று ஐம்பது பவுண்டு வரைக்கும்,
அவரவருக்கே.
மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரு டிவி.
அதுவும் தவணையில் வாங்கியதாக இருக்கும்.

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை.
ஜெனின் ஓல்ட்ராய்ட்.
வீடு வீடாகப் போய் முடி வெட்டுபவள்.
இரண்டு வருட நகராட்சி வரி பாக்கி.
மூன்று முறை தட்டினேன்.
கதவின் அடியில், முழங்காலுக்கும் கீழே,
தபால் துளை திறந்தது.

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க."
வேறு யார் இருக்கிறார்கள் உள்ளே?
"நான் மட்டும்."
வயது?
"பன்னிரண்டு." பிறகு, யோசித்து,
"முடியப்போகுது."

பதினாறு வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை
தனியாக இருக்கும் வீட்டில்
எனக்கு நுழைய வழியில்லை,
கதவு அகலத் திறந்து கிடந்தாலும்.
தாளை மடித்து உறையில் போட்டேன்.
துளை மூடவில்லை.
குனிந்து பார்த்திருந்தால்
ஒரு ஜோடிக் கண்கள் தெரிந்திருக்கும்.
நான் குனியவில்லை. முதுகு வலி.
அவனுக்கு என் காலணிகள் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை என் திரையில்
அவள் பெயர் சாம்பல் நிறமாகிவிட்டது.
எங்கோ ஒரு கடன் ஆலோசகர்
விண்ணப்பித்திருக்கிறார்.
அறுபது நாள்.
மூச்சு விடும் இடைவெளி என்று அதற்குப் பெயர்.
கடிதம் கூடாது, போன் கூடாது,
வட்டி ஒரு பென்னிகூட ஏறக்கூடாது.
கடன் எங்கும் போய்விடாது.
குட்டித் தூக்கம் போடும் காவல்நாய் மாதிரி
அங்கேயேதான் கிடக்கும்.
இந்த மாத வாடகையும் மின்கட்டணமும்
அவள் கட்டித்தான் ஆக வேண்டும்.

மேலாளர் டிரான்டர் சொன்னார்:
"ஊரே மூச்சு விட்டால்
நாம் எதை விடுவது?"
சிரித்தோம். எங்கள் வருமானம்
தட்டும் கதவுகளின் கணக்கில்தான் வருகிறது.

நாற்பத்தொன்றாம் நாள்
என் வேன் பழுது. பேருந்து நிறுத்தத்தில்
ஹம்பர் ஆற்றுக் காற்று காதை அறுக்கிறது.
ஒரு பெண் வந்து நின்றாள்,
சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டியுடன்.
பக்கத்தில் ஒரு பையன்.
அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை.
"ஏப்ரல்னு பேரு, இந்தக் குளிரைப் பாருங்க," என்றாள்.
ஆமாம் என்றேன்.
வானிலை பற்றிப் பேசுவதற்கு
எந்தத் தடையும் இல்லை.

பையன் பேசவில்லை.
என் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இடதில் தையல் பிரிந்த இடத்தை.
பிறகு, அம்மாவுக்குத் தெரியாமல்,
அந்தப் பெட்டியை மெல்ல இழுத்துத்
தன் கால்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

கத்தரிகள் இருக்கும் அதில். சீப்புகள்.
முடி உலர்த்தி ஒன்று.
எல்லாம் சேர்த்து இருநூறு பவுண்டு தேறாது.
அதை யாராலும் எடுக்க முடியாது தம்பி,
என்னாலும், டிரான்டராலும்,
நீதிமன்றத்தாலும்,
அறுபது நாள் முடிந்த பிறகும் முடியாது
என்று சொல்ல வாய் எழுந்தது.

ஆனால் அது கடனைப் பற்றிய பேச்சு.
இன்னும் பத்தொன்பது நாள்
நான் பேசக்கூடாத பேச்சு.

பேருந்து வந்தது.
அவர்கள் ஏறினார்கள்.
நான் அடுத்ததற்கு நின்றேன்.